பன்னிரண்டு மணிக்குத் திறந்து நிமிடங்களில் தீர்ந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோனியின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12-ஆம் தேதியே வெளிவந்துவிட்டது. நமக்கு 2021 பிப்ரவரி 2. அப்போது விலை 49,990 ரூபாய். நான் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது.

முன்பதிவு ஜனவரி 12, பகல் 12 மணிக்கு. அரை நாள் லீவு போட்டுவிட்டு என் போனும் தம்பி போனுமாக உட்கார்ந்தோம். முகவரி சரி, கார்டு எண் சரி, ஓடிபிதான் வரவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எண் வந்து, தட்டி முடிப்பதற்குள் ‘இருப்பு இல்லை’ என்று காட்டிவிட்டது. தம்பி ஒன்றும் பேசாமல் போனைக் கவிழ்த்து வைத்தான்.

கிடைக்காததுகூடப் பரவாயில்லை. அப்போது மின்னணு சிப் தட்டுப்பாடு, உலகம் முழுக்க இதே நிலைமைதான் இருந்தது. ஆனால் வெளியான வாரமே எங்கள் ஊர்க் கடை ஒன்றின் கண்ணாடி அலமாரியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. 72,000 என்றார்கள். பெட்டியில் அச்சிட்ட விலையைக் காட்டிக் கேட்டேன். “வேணும்னா எடுங்க தம்பி” என்றார் கடைக்காரர். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். பிஸ்கட் பாக்கெட்டுக்கு உள்ள சட்டம் இதற்கும் உண்டுதானே?

அச்சிட்ட விலைச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறை அதிகாரிகள் இந்தக் கடைகளை நேரில் வந்து பார்க்க வேண்டும். அப்புறம், அடுத்த சரக்கையாவது ஒரு முகவரிக்கு ஒன்று என்று வரிசை எண் போட்டுக் கொடுக்கட்டும். நான்கு மாதம் ஆனாலும் காத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.