2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு மெட்ரோ பிடித்து ஸ்ரீராமபுரம் வந்து சேர்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. மழை கொட்டிய ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போனது. பொங்கல் விழா நன்றாக நடந்தது, பாத்திர வாடகைதான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று போன வருடம் கேட்டேன், இந்த வருடமும் கேட்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இனி, இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட வேலைக்கு, அதாவது பட்டறைப் பாதுகாப்புச் சாதனங்களைப் போட்டுப் பார்த்த சோதனைக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவுக்கு முந்தைய மாதத்தில் நம் உறுப்பினர்கள் மூன்று பேருக்குக் கிரைண்டிங் வேலையில் கண்ணில் இரும்புத் தூள் விழுந்தது. கடவுள் புண்ணியத்தில் மூவருக்கும் பார்வை பிழைத்தது. அவர்களில் இரண்டு பேரிடம் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. சட்டைப் பையில் இருந்தது. துகள் தெறிக்கிற வேலைக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆவது பிரிவு சொன்னது. முதலாளிகளும் கொடுத்துத்தான் இருந்தார்கள். கொடுத்தது ஏன் பைக்குள் போனது என்று பார்க்கும்படி அன்றைக்கு நீங்கள் எங்களிடம் சொன்னீர்கள்.

துணைத் தலைவருக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே சிறிய அளவில் கையுறை தைத்துப் பட்டறைகளுக்குப் போடுகிறார். கண்ணாடி, மாஸ்க், ஷூ ஆகியவற்றை வெளியில் வாங்கி விற்கிறார். மாதிரிகளை இலவசமாகத் தருகிறேன், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்றார். 22 பேர் எட்டு வாரம் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டோம்.

முதல் இரண்டு வாரம் வீண். அதற்கு நான்தான் காரணம். 'நன்று, சுமார், மோசம்' என்று கட்டம் போட்டு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். எல்லாரும் 'நன்று' என்று டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தானம் கொடுத்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்? அதிலும் தாளைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்து வாங்கியது இன்னும் பெரிய தப்பு.

அப்புறம் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நோட்டு வாங்கினேன். சாயங்காலம் பட்டறைக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேட்டேன்: இன்றைக்கு எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள்? கழற்றும்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்? அவர்கள் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொண்டேன். கன்னடத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதக் கொஞ்சம் கூச்சம். நோட்டு நிரம்பியது அதற்குப் பிறகுதான்.

கண்ணாடியைப் பெரும்பாலும் வேலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கழற்றியிருக்கிறார்கள். காரணம், ஆவி படிவது. மாஸ்க் போட்டவர்களுக்குத்தான் அதிகம் படிகிறது. விடுகிற மூச்சு மாஸ்க்கின் மேல் விளிம்பில் மூக்கோரமாக ஏறிக் கண்ணாடியில் படிகிறது. கண்ணாடியைத் தனியாகச் சோதித்தால் தேறும், மாஸ்க்கைத் தனியாகச் சோதித்தாலும் தேறும். போட்டுக்கொள்கிற முகம் ஒன்றாயிற்றே. மாஸ்க்கில் மூக்கின்மேல் வரும் கம்பியை ஒரு விரலால் கிள்ளாமல், இரண்டு கை விரலாலும் மூக்கோடு ஒட்ட அழுத்தச் சொன்னோம். பக்கவாட்டில் காற்றுவழி உள்ள கண்ணாடிக்கு மாற்றினோம். கழற்றும் நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டை நுனியால் துடைக்கும்போது ஒட்டியிருக்கும் தூளே கண்ணாடியைக் கீறிவிடுகிறது. முதலில் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரே ஒரு பட்டறையில் ஓனர் கிரைண்டிங் மேடை பக்கத்திலேயே குழாய் வைத்துக் கொடுத்தார்; அங்கே கண்ணாடிகள் இன்னும் புதுசு போல இருக்கின்றன.

கையுறையில் இரண்டு வகை: தடித்த தோல் கையுறை, பின்னலில் ரப்பர் பூச்சுப் போட்ட மெல்லியது. வாயால் கேட்டபோது மெல்லியதற்குத்தான் ஏகப்பட்ட ஓட்டு. பிடிப்பு நன்றாக இருக்கிறது, கையுறையைக் கழற்றாமலே நட்டைக்கூட எடுக்கலாம் என்றார்கள். உண்மைதான். ஆனால் தேய்ந்ததைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். நான்காவது வாரம் அவ்வளவையும் இந்த மண்டபத்து மேசையில்தான் கொட்டினோம். எண்ணெய் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. மெல்லிய கையுறைகளின் விரல் நுனியில் பிளேடால் கோடு போட்டதுபோல வெட்டு. உலோகத் தகட்டின் விளிம்பு செய்த வேலை. ஒரு தம்பி தன் கையுறை கிழிந்திருப்பதையே அங்கேதான் பார்த்தார். கையுறையின் முதுகில் ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக் குறியும் சுத்தியல் படமும் அதன் கீழே எண்களும் இருக்கும். முதல் எண் தேய்மானத்துக்கு, இரண்டாவது வெட்டுக்கு. அந்த மெல்லிய கையுறையில் இரண்டாவது எண் 1. வெட்டுக்கு 5 வரை உண்டு. அன்றைக்குத்தான் எங்களில் பலர் அந்தப் படத்தை முதல் தடவையாக உற்றுப் பார்த்தோம்.

தோல் கையுறைகளில் வேறு ஒன்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் ஓட்டை: வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் கவையில். இடது கையுறை அப்படியே கிடந்தது. ஒரே ஒரு ஜோடியில் தலைகீழ். அவர் இடது கைக்காரர். கையுறைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் கவையில் இரட்டைத் தோல் வைத்து, தையலை உள்ளங்கையிலிருந்து புறங்கைப் பக்கம் நகர்த்திக் கொண்டுவந்தார். கேட்டால் வலது கையை மட்டும் டஜனாகத் தருகிறேன் என்றும் சொன்னார். ஜோடியாக வாங்கி ஒன்றைக் குப்பையில் போட்டுவந்த ஓனர்களுக்கு இதில்தான் அதிக சந்தோஷம்.

வெட்டிய உலோகத்தின் பிசிறை நீக்கும் டீபர்ரிங் பிரிவு அக்காக்கள் சொன்னதைத் தனியாகப் பதிவு செய்கிறேன். எல்லாருக்கும் 10ஆம் நம்பர் கையுறைதான் வந்திருந்தது. அவர்கள் கைக்கு 7 போதும். மிச்சமாகத் தொங்கும் விரல் நுனி பிசிறில் மாட்டி இழுக்கிறது. அவர்கள் கழற்றி வைத்ததைப் 'பொம்பளைங்க சொன்னா கேக்கறதில்ல' என்று ஒரு சூப்பர்வைசர் என்னிடமே சொன்னார். 7ஆம் நம்பர் வந்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஷூவில் நாம் தோற்றுவிட்டோம். விரல் மேல் வரும் இரும்புத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது ஐஎஸ் 15298 என்ற இந்தியத் தரத்தின் இரண்டாம் பகுதி. 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். நம் ஆட்கள் போட்ட ஷூவும் தாங்கும். ஆனால் நாம் குந்தி உட்கார்ந்து வெல்டிங் வைக்கிறவர்கள். குந்தும்போது பாதம் மடங்கி, தொப்பியின் பின் விளிம்பு விரல் மூட்டில் அழுத்துகிறது. அதைப் படம் வரைந்து விற்பனையாளர் மூலம் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். இதுவரை பதில் இல்லை. சிலர் மறுபடி செருப்புக்கே போய்விட்டார்கள் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

கேட்டதையெல்லாம் எழுதினோமே தவிர, கேட்டதையெல்லாம் செய்யவில்லை. டிரில் மிஷினுக்கும் கையுறை வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள். சுழல்கிற பிட்டில் நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த விவாதத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எதுவும் பேசாமல் தன் வலது கையை மேசைமேல் வைத்தார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

வரும் ஆண்டில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்புகளில், சத்தத்தைத் தடுக்கக் காதில் வைக்கும் இயர் பிளக்கைச் சோதிக்கச் செயற்குழு விரும்புகிறது. தொழிற்சாலைகள் சட்ட விதிகளில் எட்டு மணி நேர வேலைக்குச் சத்தத்தின் வரம்பு 90 டெசிபல் என்றுதான் இருந்தது. ஸ்பாஞ்சு பிளக்கை விரலால் உருட்டி மெல்லிசாக்கித்தான் காதில் விட வேண்டும். பிரஸ்காரர் விரலில் எந்நேரமும் கறுப்பு எண்ணெய். இது எங்கே போய் முடியும் என்று இப்போதே ஒரு சந்தேகம் இருக்கிறது. கயிறு கட்டிய, உருட்டத் தேவையில்லாத ரப்பர் பிளக்கையும் சேர்த்து வாங்க அனுமதி கேட்கிறேன்.

சோதனையில் சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதவும். பழைய கையுறை கொண்டுவந்திருப்பவர்கள் தயவுசெய்து அதைச் சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டாம்.

செயலாளர்
பெங்களூரு