கூனி இறால் இல்லாமல் அந்தச் சமையல் ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலாக்கா கடலோரத்தில் மண் கொட்டிக் கடலை நிலமாக்கும் நிலமீட்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் உணவுக்கடைகள் சுற்றுலாவுக்குப் பலம் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்தக் கடைகளை வாழவைப்பது கரையை ஒட்டிய ஆழமற்ற கடல் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். 1511இல் மலாக்காவைப் பிடித்து 1641இல் டச்சுக்காரரிடம் இழந்த போர்த்துகீசியரின் வழித்தோன்றல்கள், வீட்டு அடுப்பிலேயே காத்துவந்த சமையல் அது. காய்ந்த மிளகாய், லெங்குவாஸ் என்ற பேரரத்தை, புவா கெராஸ் என்ற கொட்டை ஆகியவற்றை அரைத்து, கடுகும் வினிகரும் சேர்த்து வைக்கும் 'கறி டெபல்', கிறிஸ்துமஸுக்கு மிஞ்சிய இறைச்சியையும் வீணாக்காத பக்குவம். அதைத்தான் எல்லோரும் புகழ்கிறோம். ஆனால் அந்த மக்களின் அடையாளம், இடுப்பளவு நீரில் நடந்து தள்ளுவலையில் பிடிக்கும் 'கெராகாவ்' என்ற கூனி இறால். புளிக்கவைத்த இறால் தொக்கான சிஞ்சாலோக்கும் இறால் விழுதான பெலாச்சானும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு அங்கே சாப்பிட்டோம். "முன்பு கெராகாவ் வீட்டுக்காரர் கொண்டுவருவார், இப்போது சந்தையில் வாங்குகிறேன்" என்றார் கடை நடத்தும் ஆண்ட்டி. எனக்கு அதன்பின் சோறு இறங்கவில்லை. குடியிருப்பை ஒட்டிய கடற்பகுதியை அந்த மீனவர்களுக்கென ஒதுக்கி, அங்கே மண் கொட்ட எந்த அனுமதி வழங்கும் முன்பும் அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்க மாநில அரசு முன்வர வேண்டும்.

— ஒரு வாசகர், கிள்ளான்