பாப்பாவுக்கு, அந்த கேபிள் ஒயர் பற்றி

பாப்பா,

எதற்கு 125 ரூபாய் அனுப்பினாய் என்று கேட்டிருந்தாய். காயலான் கடைக்காரர் நம் டிவியை 250 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். பாதி உன்னுடையது. வீடு கைமாறிய மற்ற கதையெல்லாம் உனக்குத் தெரியும்.

டிவியை நகர்த்தினால், பின்னால் அந்த கேபிள் ஒயர் இன்னும் சுவரில் தொங்குகிறது. அப்பா பிடுங்கியபோது பெயர்ந்த சுண்ணாம்புகூட அப்படியே இருக்கிறது.

2007. நீ பத்தாவது, நான் பிளஸ் டூ. டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவைத்து ‘கனா காணும் காலங்கள்’ பார்த்துக்கொண்டிருந்தாய். மடியில் ஒப்புக்கு சமூக அறிவியல் புத்தகம். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நான் இருமுவேன், நீ சேனலை மாற்றுவாய். அன்றைக்கு நான் இருமவில்லை. அதோடு விட்டேனா? “ஸ்கூல் பிள்ளைங்க லவ் பண்றதைக் காட்டுறாங்கப்பா, தினமும் இதைத்தான் பாக்குறா” என்று வாயால் வேறு சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் ஒயரைப் பிடுங்கினார். நீ என்னைத்தான் பார்த்தாய்.

பரீட்சை நெருங்கிவிட்டது, உன் நல்லதுக்குத்தான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, கணக்கில் நீ வாங்கிய மார்க் அப்படி. ஆனால் எனக்கு அந்த சீரியலைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அம்மா பார்த்த ‘கோலங்கள்’ எவ்வளவு சண்டை போட்டாலும் அது வேறு யார் வீட்டுச் சண்டையோ. இதில் வந்த ஜோ, பச்சை எல்லாம் புதுமுகப் பிள்ளைகள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தார்கள். டியூஷன் முடிந்து நான் எங்கே நின்றேன், யாருக்காக நின்றேன் என்பது அப்பா ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். உன்னை மாட்டிவிட்டு நான் தப்பித்தேன். மன்னித்துவிடு.

உன் பேருந்து நிறுத்தத்துக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. உன் மாமியார் வீட்டில் யாராவது படிக்கலாம். எழுத அதில் ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. அப்பாவின் பதினாறாம் நாள், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், “அண்ணன் எப்பவும் அப்பா பிள்ளை” என்று சிரித்தாயே. ஹாஸ்டலுக்குப் போனவள் அங்கிருந்தே கல்யாணமாகியும் போய்விட்டாய். மூன்று வருஷம், வாரம் இரண்டு தடவை, டயாலிசிஸுக்கு அவரை யார் கூட்டிப்போனது? அப்பா பிள்ளையாக இருப்பது ஒன்றும் சொகுசு இல்லை.

சரி, விடு.

போன மாதம் ‘அடோலசன்ஸ்’ பார்த்தோம். 2025இல் வந்த இங்கிலாந்துத் தொடர், நாலே பகுதி. ஒவ்வொன்றையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார்கள். கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயது ஜேமியை விடியற்காலையில் போலீஸ் வந்து பிடித்துப்போகிறது. நம் வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் பார்க்க ஆரம்பித்தேன். ஃபுட்பால் ஆடும்போது தான் சொதப்பினால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அந்தப் பையன் சொல்கிறான். அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவனுக்கு ஒரு அக்கா, தங்கமான பெண். கடைசிப் பகுதியில் அம்மாவும் அப்பாவும் கட்டிலில் உட்கார்ந்து, இவளை எப்படிப் பெற்றோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அவனைப் பெற்ற மாதிரியேதான் என்று பதில் வருகிறது. என் மனைவி அழுதாள். நான் உன்னை நினைத்தேன். ஒரே வீடு, ஒரே அப்பா. நீ முழித்திருந்தால் கூப்பிட்டிருப்பேன், மணி ஒன்றாகிவிட்டது.

கனா காணும் காலங்களை 2022இல் ஹாட்ஸ்டாரில் புதுப் பிள்ளைகளை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். ஒரு பகுதி பார்த்தேன், ஒட்டவில்லை. எனக்கு வயசாகிவிட்டது, வேறென்ன.

ஒயரைப் பிடுங்கினபோது ஓடிக்கொண்டிருந்த காட்சி எப்படி முடிந்தது, பாப்பா? மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது கேட்டிருப்பாய்தானே.

அண்ணன்