குழந்தைக்கு மூட்டு ஊசி: மயக்கம் கொடுத்தே போட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வீங்கிய சிறுமிக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்ததற்கு, போடலாம் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வந்த பதில் சரியானதே. ஆனால், அந்த ஊசியைக் குழந்தைக்கு எப்படிப் போட வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. என் மகள் அதே ஊசியை இரண்டு முறை, இரண்டு மருத்துவமனைகளில் போட்டுக்கொண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு 4 வயதில் இடது முட்டி வீங்கியது. எங்கேயோ விழுந்திருக்கிறாள் என்று எண்ணெய்க் கட்டுப் போட்டோம். காலையில் எழுந்தால் மாடிப்படியில் நின்று இறங்கமாட்டாள். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து வருவாள். பத்து மணிக்கு மேல் ஓடியாடுவாள் என்பதால், பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று நானே அதட்டியிருக்கிறேன். பிறகு, ரத்தப் பரிசோதனையில், தொண்டைக் கிருமித் தொற்றைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. அளவு சற்றுக் கூடியிருந்ததை வைத்து, அந்தத் தொற்றுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சல் என்று சொல்லி, 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டார்கள். இப்படியே ஏழு மாதம் போயிற்று. வாதக் காய்ச்சலில் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் என்பதும், ஒரே முட்டியில் ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் நின்றால் சிறார் மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும் என்பதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அழற்சி உள்ள முட்டிக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அந்தக் கால் எலும்பு வேகமாக வளருமாம். அதற்குள் அவளுடைய இடது கால் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருந்தது. சீருடைப் பாவாடை ஒரு பக்கம் ஏறி நிற்கிறதே என்று முதலில் கேட்டவர் எங்கள் தையல்காரர்.

அவளுக்கு இருப்பது சிறார் மூட்டுவாதம்தான், காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு முதல் ஊசி போடப்பட்டது. பெரியவர்களுக்குப் போடும் அதே அறை, அதே மேசை. என் கணவர் தோளை அழுத்திக்கொள்ள, இரண்டு பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, நான் கண்ணை மூடினேன். அவள் உதறிய உதறலில் மருந்தில் கொஞ்சம் மூட்டுக்கு வெளியே, தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது. சில வாரங்களில் அந்த இடம் குழிந்து, இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்துப் போனது. வீக்கம் நான்கே மாதத்தில் திரும்பி வந்தது.

இரண்டாவது முறை வேறு ஊரில். ஆறு மணி நேரம் வெறும் வயிறு; மயக்க மருத்துவர் முகமூடி வைத்தார்; முட்டியில் கோத்திருந்த மஞ்சள் நீரை முதலில் உறிஞ்சி எடுத்து, எடைக்கேற்ற அளவில் மருந்தை உள்ளே செலுத்தினார்கள். எல்லாம் பத்து நிமிட வேலை. கண் விழித்ததும் இட்லி கேட்டாள். ஒரு நாள் ஓடாமல் வைத்திருங்கள், காய்ச்சல் வந்தாலோ முட்டி சிவந்து சுட்டாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். மூன்றாம் வாரம், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்றைக்குப் பதினான்கு மாதமாகிறது, வீக்கம் இல்லை.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் ஊதும், வளர்ச்சி நிற்கும் என்று பயப்படுகிறோம். மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்குவதற்கு அந்தப் பயம் நியாயமானது. மூட்டுக்குள் போடும் மருந்தோ பெரும்பாலும் அங்கேயே நின்று வேலை செய்கிறது. ஒன்றிரண்டு மூட்டுகளில் மட்டும் நோய் உள்ள குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே இதைப் போடலாம் என்றும், மெதுவாகக் கரையும் டிரையாம்சினலோன் ஹெக்சசெட்டோனைடு வகையே மேலானது என்றும் மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரியின் 2021 வழிகாட்டுதல் கூறுகிறது. எங்களுக்குக் கிடைத்தது அதைவிட வேகமாகக் கரையும் அசெட்டோனைடு வகைதான். பல மூட்டுகளுக்குப் பரவினாலோ அடிக்கடி திரும்பினாலோ வாரம் ஒரு முறை, அழற்சியைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து என்று சிகிச்சை மாறும். ஊசியால் முட்டி தேறிவிட்டதே என்று கண் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. இந்த நோயில் சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வரும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் வருகிறோம்.

டான்சில் அறுவைக்கு மயக்கம் கொடுக்காமல், குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. மூட்டு ஊசிக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? பதின்ம வயதினர் மரத்துப்போகும் மருந்தோடு சமாளித்துக்கொள்வார்கள்; 4 வயதுக் குழந்தையால் முடியாது. ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாதத்தில் ஓர் அரை நாள், அறுவை அரங்கையும் ஒரு மயக்க மருத்துவரையும் இந்தக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கினால் போதும். இரவு தங்கப் படுக்கைகூடத் தேவைப்படாது. சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திண்டுக்கல்.