டிசம்பரில்தான் தெரியவேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி பற்றி எழுதியவர், சப்கிளாஸ் (பொது அச்சான பேஸ் கிளாஸிலிருந்து பிறக்கும் கிளாஸ்) கட்டாயம் எழுதவேண்டிய மெத்தட் (கிளாஸ் செய்யும் ஒரு வேலை) ஒவ்வொன்றிலும், பேஸ் கிளாஸில் ‘நாட்இம்ப்ளிமென்டெட்எரர்’ (‘இன்னும் எழுதப்படவில்லை’ என்னும் பிழை) எழுப்பிவிட்டால் போதும் என்கிறார். போதாது. அந்த மெத்தடைக் கூப்பிடும்போதுதான் அந்த எரர் வரும்.

நம் மொரிஷியஸ் சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிளாஸில் சி.எஸ்.ஜி. என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், ஆண்டிறுதி போனஸ் என்று இரண்டு மெத்தட். மாதச் சம்பளம், நாள் கூலி, பகுதிநேரம் என்று வகைக்கொரு சப்கிளாஸ். பிடித்தத்தை எழுத மறந்தால் முதல் மாதமே சிக்கிவிடும். பகுதிநேரத்தில் போனஸை மறந்தாலோ நவம்பர் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். போனஸில் 75 விழுக்காட்டைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே கொடுத்தாகவேண்டும். சரியாக அந்த வாரத்தில் புரோகிராம் படுத்துவிடும்.

இதற்கென்றே பைத்தானில் ‘ஏபிசி’ (அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ்) மாட்யூல் இருக்கிறது. பேஸ் கிளாஸை அதிலுள்ள ‘ஏபிசி’ என்ற கிளாஸிலிருந்து வரச்செய்து, மெத்தடின் தலையில் ‘சப்கிளாஸ் இதை எழுதியாகவேண்டும்’ என்று குறிக்கும் ‘அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்’ டெக்கரேட்டரைப் போடவேண்டும். டெக்கரேட்டரை மட்டும் போட்டு ‘ஏபிசி’யை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பைத்தான் மூச்சே விடாது, சோதனையும் நடக்காது. இரண்டும் இருந்தால், ஆப்ஜெக்டை உருவாக்கும் வரியிலேயே விடுபட்ட மெத்தடின் பெயரோடு ‘டைப்எரர்’ வந்து விழும்.

ஆனால் ஜாவாவில் கம்பைலரே தடுத்துவிடுவதுபோல இங்கே நடக்காது. ஃபைலை இம்போர்ட் செய்தால் மட்டும் எதுவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சப்கிளாஸிலும் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று வேண்டும். இம்போர்ட்டில் சப்கிளாஸ் உருவாகும்போதே தடுக்க நினைப்பவர்களுக்கு, பைத்தான் 3.6 பதிப்பிலிருந்து, அந்த நேரத்தில் தானாக ஓடும் ‘இனிட் சப்கிளாஸ்’ என்ற மெத்தட் உண்டு. அதற்குள் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் பட்டியலைத் தேடவேண்டாம். அந்த நேரத்தில் பட்டியல் இன்னும் தயாராகியிருக்காது. சப்கிளாஸில் கிடைக்கும் மெத்தட் பேஸ் கிளாஸின் அதே மெத்தட்தானா என்று ஒப்பிடுங்கள். இடையில் இன்னொரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் வைத்திருந்தால் அதற்கு விலக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் பார்க்கப்படுவது பெயர் மட்டுமே. மாதம், ஊதியம் என இரண்டு பாராமீட்டர் வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வைத்து போனஸை எழுதினாலும் ‘ஏபிசி’ விட்டுவிடும். அதைப் பிடிக்க புரோகிராமை ஓட்டாமலே சோதிக்கும் ‘மைபை’ போன்ற டைப் செக்கர்தான் வேண்டும்.

கட்டுரையைப் பார்த்து மாணவர்கள் அப்படியே எழுதுவார்கள் என்பதால், அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள்.

மென்பொருள் பணியாளர்,
ரோஸ் ஹில்