சாவுக்கு பேக்பைப் வைக்கிறவங்க பைப்பரையும் ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல வெளிநாட்டு சாவு சடங்கு பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல ஸ்காட்லாந்துல யார் செத்தாலும் பேக்பைப்ல (பைல காத்த அடைச்சு ஊதுற குழல் வாத்தியம்) 'அமேசிங் கிரேஸ்' வாசிச்சு அனுப்பி வைப்பாங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. நான் 12 வருஷமா கிளாஸ்கோல இருக்கேன். இங்க நெறைய பேர் பைப்பே வைக்கிறதில்ல, வைக்கிற வீட்லயும் எந்த டியூன்னு முடிவு பண்றதுக்குள்ள ஒரு சின்ன சண்டையே நடந்துடும்.

எங்க பக்கத்து வீட்டு தாத்தா போன குளிர்காலத்துல தவறிட்டாரு. பென்பெக்குலா தீவுல பொறந்து, சின்ன வயசுலயே இங்க கப்பல் கட்டுற யார்டுக்கு வெல்டிங் வேலைக்கு வந்தவரு. அவரோட பொண்ணு என் கிச்சன்ல உக்காந்து டீய ஆற விட்டுட்டு ஃபோன்ல ஒவ்வொரு டியூனா போட்டு கேட்டுட்டு இருந்தாங்க. பேரனுக்கு தாத்தாவுக்கு பிடிச்ச ஒரு பழைய ராக் பாட்டு தான் வேணுமாம். வாசிக்க வந்த பைப்பர் தான் பொறுமையா சொன்னாரு, தம்பி இதுல மொத்தமே 9 சுரம் தான், உன் பாட்டு அதுக்குள்ள அடங்காது, இழுத்து அடக்குனாலும் கேக்குறவங்களுக்கு சிரிப்பு வந்துடும்னு. நடுவுல நிறுத்தவும் முடியாது, ஏன்னா காத்து பைக்குள்ள இருக்கு, அவர் மூச்சு இழுக்கும்போது கை பைய அழுத்தும், சத்தம் போயிட்டே இருக்கும். கூட நம்ம நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி 3 குழாய் ஒரே சுருதிய விடாம புடிச்சிட்டு இருக்கும் (நிஜமாவே ஒத்து ஊதுறது!).

நீங்க எழுதுன 'அமேசிங் கிரேஸ்' பழைய பாட்டு தான், ஆனா பைப்ல இவ்ளோ பிரபலமானது 1972-ல ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் படைப்பிரிவோட ரெக்கார்டு பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆன பிறகு தான். 'ஹைலேண்ட் கதீட்ரல்'னு ஒண்ணு, கேட்டா ஏதோ 400 வருஷத்து ஸ்காட்லாந்து சொத்துன்னு தோணும், போட்டது 1982-ல ரெண்டு ஜெர்மன்காரங்க. ஆனா 'ஃப்ளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' அப்படி இல்ல. 1513-ல இங்கிலாந்துகிட்ட தோத்த ஃப்ளாடன் போர்ல செத்த ஸ்காட்லாந்துக்காரங்களுக்கான ஒப்பாரி அது, சாவுலயும் நினைவு நாள்லயும் தவிர வெளில வாசிக்க மாட்டாங்க, பழகணும்னா வீட்டுக்குள்ள தான். அத கேட்டதும் அந்த பொண்ணு, அப்பா பட்டாளத்துக்கே போனதில்லையே, இது அவருக்கு ரொம்ப பெருசுன்னு வேணாம்னுட்டாங்க. எனக்கு அது ரொம்ப பிடிச்சிருந்தது.

கடைசில பைப்பர் தான், அவர் எந்த ஊருன்னு கேட்டாரு. பென்பெக்குலான்னதும் 'தி டார்க் ஐலண்ட்' வாசிச்சு காமிச்சாரு, அந்த தீவுக்காரர் ஒருத்தர் அக்கார்டியனுக்கு போட்ட டியூன். நாலு வரி போறதுக்குள்ள அந்த பொண்ணு, இத அப்பா பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பாருன்னாங்க. அதுக்கப்புறம் பேரனும் வாய தொறக்கல.

இன்னொன்னும் சொல்லணும். இதுக்கு முன்னாடி என்கூட வேலை பாக்குறவங்க வீட்டு சாவுல, சர்ச்சுக்குள்ள ஆர்கனும் பைப்பும் சேந்து வாசிக்கட்டும்னு யாரோ முடிவு பண்ணிட்டாங்க. பேக்பைப் சுருதி ஆர்கன விட தள்ளி இருக்கும், ஒத்திகையும் பாக்கல போல, ஆளுக்கு ஒரு கட்டைல போச்சு, முன் வரிசைல இருந்த பாட்டி காத பொத்திக்கிட்டாங்க. சின்ன ரூமுக்குள்ள அந்த சத்தத்த தாங்கவே முடியாது, அத கம்மி பண்ண வழியும் இல்ல. அதனால தான் நடந்தே கம்மி பண்றாங்க. 2022 செப்டம்பர் 19, எலிசபெத் ராணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேல நடந்த இறுதிச் சடங்குல ராணியோட பைப்பரா இருந்த பைப் மேஜர் பால் பர்ன்ஸ் 'ஸ்லீப் டியரி ஸ்லீப்' வாசிச்சத டிவில பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், வாசிச்சுட்டே திரும்பி நடந்து போவாரு, சத்தம் மெல்ல மெல்ல தேஞ்சு போகும்.

எங்க பக்கத்து வீட்டு தாத்தாவுக்கும் பைப்ப வெளில தான் வெச்சோம். எரியூட்டுற இடத்துல கார் பார்க் கடைசில நின்னு, அந்த குளிர்ல பத்து நிமிஷம் ஊதி ஊதி சூடேத்தி, தோள்ல சாஞ்ச குழாய ஒவ்வொண்ணா மேலயும் கீழயும் நகத்தி சுருதி சேத்தாரு, விரல் செவந்து போயிருந்தது. பெட்டி உள்ள போனதும் வாசிக்க ஆரம்பிச்சு மரத்து பக்கமா நடந்தாரு. சத்தம் நின்னுடுச்சா இல்ல இன்னும் கேக்குதான்னு தெரியாம கொஞ்ச நேரம் எல்லாரும் அப்படியே நின்னுட்டு இருந்தோம், அப்புறம் பேரன் தான் வந்து கார் கதவ திறந்தான்.

இப்படிக்கு,
கிளாஸ்கோவிலிருந்து ஒரு வாசகி