தூக்குமுன் இரண்டு திருகைத் தளர்த்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாண்டு முடிந்து, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு தொடர்ந்து ஓடும் பெரிய வண்டிகள் சிங்கப்பூரின் உபி, காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளுக்கு வருகின்றன. டொயோட்டாவின் லேண்ட் குரூசர் 200, பிராடோ 150 ஆகிய வகைகளில் சிலவற்றுக்கு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எண்ணெய்க் குழாயால் பிணைத்த சஸ்பென்ஷன் (கேடிஎஸ்எஸ்) உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கமான சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும்தான் கண்ணில் படும். அதனால் மற்ற வண்டிகளைப் போலவே லிஃப்டில் ஏற்றி, இணைப்புத் தண்டான லிங்க்கைக் கழற்றி, ரப்பர் புஷ் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வில் தளர்ந்துவிட்டது என்று புது வில் போடுகிறார்கள். சாய்வு அப்படியே இருக்கிறது. வில்லில் குறையே இல்லை. வேலை தொடங்குமுன் தளர்த்த வேண்டிய இரண்டு திருகுகளை யாரும் தொடவில்லை.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. இங்குள்ள பட்டறைகளில் ஸ்பேனர் பிடிக்கும் கைகளில் நம் கைகளும் உண்டு. இந்த அமைப்பைப் பற்றிய கையேடுகளோ ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் இருக்கின்றன. வேலை தெரிந்தவர்கூட, உள்ளே எண்ணெய் என்ன செய்கிறது என்று தெரியாததால் தவறிவிடுகிறார்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்கள் மேலும் கீழும் அசைவதை நான்கு வகையாகப் பிரிக்கலாம். நான்கும் ஒன்றாக ஏறி இறங்குவது ஒன்று. பிரேக் பிடிக்கும்போது மூக்கு குனிந்து வால் தூக்குவது இரண்டாவது. திருப்பத்தில் உடல் பக்கவாட்டில் சாய்வது மூன்றாவது. முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் மேலேற, மற்ற இரண்டும் கீழிறங்குவது நான்காவது. இதை முறுக்கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால் குட்டையான நாற்காலி சமதரையில் ஆடுவதை நினைத்துப் பாருங்கள். முறுக்கலுக்கு இடம் கொடுக்காத வண்டியும் மேடுபள்ளத்தில் அப்படித்தான் ஆடும். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும்.

திருப்பத்தில் சாயாமல் இருக்க, இடது வலது சக்கரங்களைப் பிணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார் கெட்டியாக இருக்க வேண்டும். கரடுமுரடான தடத்தில் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க அதே பார் தளர்வாக இருக்க வேண்டும். ஒரே இரும்புக் கம்பியிடம் இரண்டையும் கேட்க முடியாது. சாய்வையும் முறுக்கலையும் வேறுபடுத்திப் பார்க்க, முன்பக்கம் நடப்பது பின்பக்கத்துக்குத் தெரிய வேண்டும். குழாய் வழியே போகும் எண்ணெய் அந்தச் செய்தியைக் கொண்டு சேர்க்கிறது.

இது புதிய யோசனை அல்ல. 1962-இல் வந்த மோரிஸ் 1100 காரில், அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ஹைட்ரோலாஸ்டிக் அமைப்பு முன் சக்கரத்தையும் அதே பக்கத்துப் பின் சக்கரத்தையும் திரவக் குழாயால் இணைத்தது. முன் சக்கரம் மேட்டில் ஏறியதும் திரவம் பின்னால் ஓடிப் பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தும். கார் மூக்கைத் தூக்காமல் மட்டமாகப் போகும். 1973-இல் வந்த ஹைட்ராகாஸில் ரப்பருக்குப் பதில் நைட்ரஜன் வில்லானது.

டொயோட்டாவில் இன்று கேடிஎஸ்எஸ் என்று அழைக்கப்படும் அமைப்பின் வேர் மேற்கு ஆஸ்திரேலியாவின் கைனெட்டிக் நிறுவனத்தில் இருக்கிறது. இதில் முன் பாரும் பின் பாரும் ஒரு பக்கம் வழக்கம்போல் பிடித்திருக்கும். மறுபக்கம் ஓர் எண்ணெய் சிலிண்டர் வழியாகப் பிடித்திருக்கும். சிலிண்டருக்குள் பிஸ்டனுக்கு மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. முன் சிலிண்டரின் மேலறை பின் சிலிண்டரின் மேலறையோடும், கீழறை கீழறையோடும் இணைந்திருக்கும். திருப்பத்தில் உடல் சாயும்போது இரண்டு பிஸ்டன்களும் ஒரே திசையில் தள்ளப்படும். எண்ணெய்க்குப் போக இடமில்லை. பிஸ்டன்கள் பூட்டுப் போட்டாற்போல் நிற்கும். பார் முழு வலுவோடு சாய்வை எதிர்க்கும். முறுக்கலில் ஒன்று மேலே, மற்றது கீழே நகரும். முன் அறையிலிருந்து வெளியேறும் எண்ணெய் பின் அறைக்குத் தாராளமாகப் போய்விடும். பார் இல்லாததுபோல் சக்கரங்கள் தொங்கும். இந்த வேறுபாட்டைக் காண எந்தக் கணினியும் தேவையில்லை.

இரண்டு குழாய்ச் சுற்றுகளும் சேசிஸின் பக்கவாட்டில் இருக்கும் வால்வுக் கட்டையில் வந்து சேர்கின்றன. நைட்ரஜன் அடைத்த குடுவைகளும் அங்கேயே இருக்கின்றன. நான் சொன்ன இரண்டு திருகுகளும் அந்தக் கட்டையில்தான் உள்ளன. மூடியிருக்கும்வரை மேல் சுற்றும் கீழ்ச் சுற்றும் தனித்தனி. தளர்த்தினால் எண்ணெய் நகர வழி கிடைத்து, பாரில் தேங்கிய முறுக்கு இறங்கிவிடும். மூடிய நிலையில், சக்கரங்கள் ஏறுமாறாகத் தொங்கும்போது லிங்க்கைக் கழற்றி மாட்டினால் அந்த முறுக்கு உள்ளேயே சிறைப்படும். வண்டி தரைக்கு வந்தபின் பார் ஓய்வில் இருக்காமல் உடலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். புதிய வில்லால் தீராத சாய்வுக்கு இதுதான் காரணம். அதைவிடக் கவலை, முறுக்கேறிய பாரின் நட்டைக் கழற்றும் கையை அது அடித்துவிடலாம்.

வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். வண்டி மட்டமான தரையில், நான்கு சக்கரங்களும் ஊன்றி, சுமையில்லாமல், எஞ்சின் நின்றிருக்க வேண்டும். காப்புத் தகட்டைக் கழற்றுங்கள். திருகுத் தலைக்குள் அடைந்திருக்கும் மண்ணைக் கம்பி பிரஷால் சுத்தமாக எடுங்கள். துரு தெரிந்தால் ஊடுருவும் எண்ணெய் தெளித்துக் காத்திருங்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் திருகுத் தலைகள் வழுக்கிப்போகின்றன. 5 மி.மீ. ஆலன் கீ முழு ஆழத்துக்கு உட்கார்ந்த பிறகே திருப்புங்கள். இரண்டையும் இரண்டு முதல் மூன்று சுற்று மட்டும் தளர்த்தினால் போதும். முழுதாகக் கழற்றினால் எண்ணெய் பீய்ச்சிவிடும். காற்று உள்ளே போய்விடும். திருகு இறுகிப்போயிருந்தால் தீச்சுடரால் சூடேற்றவே கூடாது. பக்கத்தில் அழுத்தத்தில் எண்ணெயும் நைட்ரஜனும் இருக்கின்றன.

அதன்பிறகு லிஃப்டில் ஏற்றி வேலையை முடிக்கலாம். புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் (தொங்கவிட்டு இறுக்கிய ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிந்துவிடும், இது எல்லா வண்டிக்கும் பொருந்தும்). தரையில் இறக்கியதும் முன்னும் பின்னும் உடலைச் சில முறை அமுக்கிவிட்டு, திருகுகளை மூடி, அந்த வண்டிக்கான கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். கைவிசையை நம்ப வேண்டாம். கடைசியாக நான்கு சக்கர மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதிவைக்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபாடு தெரிந்தால், வில்லைப் பழிக்குமுன் திருகுகளைத் திறந்து மறுபடி மூடிப் பாருங்கள்.

குழாயையோ சிலிண்டரையோ கழற்ற நேர்ந்தால் கதை வேறு. பிரேக்கில் செய்வதுபோல் ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்கும் முறை இங்கே உதவாது. வெற்றிட பம்ப்பால் காற்றை உறிஞ்சி, அதற்கென்ற கருவியால் எண்ணெயைக் குறித்த அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டும். ஏன் இத்தனை கண்டிப்பு? பிஸ்டனின் பரப்பு 10 சதுர செ.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உள்ளே தங்கிய காற்று 5 மில்லி அளவு நசுங்கினால், பிஸ்டன் 5 மி.மீ. சும்மா நகர்ந்துவிடும். அதுவரை பார் ஒரு வேலையும் செய்யாது. ஓட்டுநருக்கு, திருப்பத்தில் வண்டி முதலில் சாய்ந்து பிறகு 'டக்'கென்று பிடிப்பதாகத் தெரியும். எண்ணெயும் கண்ட எண்ணெயாக இருக்கக்கூடாது. பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரை லிட்டர் எண்ணெய் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லி விரியும். அந்த விரிவை வாங்கிக்கொள்ள நைட்ரஜன் குடுவை வேண்டும். குடுவைக்குள் நைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து போயிருந்தால் எண்ணெய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். முதலில் தளர்வது சிலிண்டரின் சீல். ஆகவே சீல் ஒழுகுகிறது என்று சீலை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. குடுவையையும் சோதியுங்கள். திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நண்பகல்வரை காய்ந்த வண்டியின் அழுத்தத்தை, காலையில் குளிர்ந்திருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடவும் கூடாது.

இன்னொன்றை மன்றாடிச் சொல்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் குழாயின் கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். அட்டைத்துண்டைக் காட்டித் தேடுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக் குத்து அளவுதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கும். விரலையே இழக்க நேரிடலாம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், 'அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது' என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். முதலாளிமாரும் இதற்காக ஒருவரைக் கடிந்துகொள்ளக்கூடாது. பழைய நைட்ரஜன் குடுவைகளை வெட்டவோ வெல்டிங் செய்யவோ வேண்டாம். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் விடாமல் உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

எல்லா இணைப்புகளும் கேடிஎஸ்எஸ் போன்றவை அல்ல. எக்ஸ்-ரியாஸ் என்ற வேறோர் அமைப்பில் பாரைத் தொடாமல், குறுக்கு மூலைகளிலுள்ள ஷாக் அப்சார்பர்களை நடுவில் ஓர் அலகு வழியாக இணைத்திருப்பார்கள். ஆடி கார்களின் ஆர்எஸ் வகைகளில் வந்த டிஆர்சி அமைப்பும் குறுக்கு இணைப்புதான். குறுக்கே இணைப்பதில் நுட்பம் இருக்கிறது: பிரேக் பிடித்தாலும் சரி, திருப்பத்தில் சாய்ந்தாலும் சரி, குறுக்கு மூலைகள் எதிரெதிராகவே நகரும், ஆகவே ஒரே அலகு இரண்டு ஆட்டங்களையும் தணிக்கிறது. இவற்றில் ஒரு ஷாக்கை மட்டும் சாதாரண ஷாக்காக மாற்றினால் அதன் குறுக்கு ஜோடி அனாதையாகிவிடும். மாற்றுவதென்றால் நான்கையும் மாற்றுங்கள். நிசான் பேட்ரோல் ஒய்62-இல், எண்ணெய் அழுத்தத்தால் சாய்வைக் கட்டுப்படுத்தும் எச்பிஎம்சி அமைப்பு உள்ள வகைகளில் ஸ்டெபிலைசர் பாரே கிடையாது. எண்ணெய் அழுத்தம் போனால் சாய்வைத் தடுக்கும் முக்கியத் துணையும் போய்விடுகிறது. அதை ஒழுகலோடு ஓட்டவே கூடாது.

மரினா பே பந்தயத்தை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஃபார்முலா 1 கார்களிலும் முன்பின் இணைப்பு சஸ்பென்ஷன் இருந்தது. காரின் அடித்தளத்தைத் தரைக்கு மட்டமாக வைத்திருந்து காற்றழுத்தப் பிடிப்பைக் கூட்டுகிறது என்பதால் 2014 ஜூலையில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் இங்கே ஓடியவை அது கழற்றப்பட்ட கார்கள்.

பழைய வண்டி வாங்குவோர் பணம் கட்டுமுன் செய்யக்கூடிய சோதனை எளிது. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சரிவுப்பாதை சமதளத்தைத் தொடும் விளிம்பைக் கோணலாக, மிக மெதுவாகக் கடந்து பாருங்கள்; அங்கே முறுக்கல் நிகழும். நல்ல அமைப்பு சத்தமில்லாமல் வளைந்து கொடுக்கும். உடல் இடம்வலமாக உதறினால் எண்ணெய் நகரவில்லை என்று பொருள். பிறகு ஒரு வட்டச் சந்திப்பில் சீரான வேகத்தில் சுற்றுங்கள். சாய்வு அளவுக்கு மீறினால் அழுத்தம் போயிருக்கிறது. உயரம் கூட்டிய வில் போட்ட வண்டியென்றால், சிலிண்டரின் நிலையைச் சரிசெய்யும் துணைப்பாகமும் போட்டார்களா என்று கேளுங்கள். போடாவிட்டால் பிஸ்டன் நடுவில் நிற்காமல் ஒரு முனையில் முட்டிக்கொண்டே இருக்கும்.

கார்களுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டு தாண்டியபின் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இருக்கிறது. ஆனால் குடுவையின் நைட்ரஜன் அழுத்தத்தைப் பட்டறைதான் பார்க்க வேண்டும். ஆகவே பழைய வண்டி விற்போர், விளம்பரத்தில் சன்ரூஃபையும் தோல் இருக்கையையும் எழுதும் இடத்தில் 'இணைப்பு ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ளது' என்றும், கடைசியாக அழுத்தம் பார்த்த தேதியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டறை வைத்திருப்போர், இத்தகைய வண்டி உள்ளே வந்ததும் ஸ்டியரிங்கில் ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். அதில் தமிழிலும் எழுதுங்கள்: 'தூக்குமுன் இரண்டு திருகையும் தளர்த்து. இறக்கியபின் மூடு.'

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்புத் தொழில்நுட்பர் ஒருவர்,
காக்கி புக்கிட்